தோளை உரசிய குண்டு

"சூர்யா வரலையாம்" என்று என் கூட்டாளி மதியழகன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தபோது எனக்கு யாரையாவது ஓங்கி ஓர் அறை விட வேண்டும்போல இருந்தது. சூர்யா கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. மதி இருந்தான். சூர்யாவுக்கு பைக் பஞ்சராம், கேம்ப் ரோட்டில் நிற்கிறானாம். நிற்கட்டும். எனக்கு இன்றைக்கு ஓர் ஆள் வேண்டும். நாங்கள் செய்துகொண்டிருக்கும் வீடியோ விளையாட்டை இதுவரை தொட்டே பார்க்காத ஓர் ஆள் வந்து, அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒருமுறை செத்து, பிறகு யாரும் சொல்லாமல் தானாகவே 'மறுபடியும்' என்பதை அழுத்த வேண்டும். அழுத்திவிட்டால் விளையாட்டு நான் செய்தபடியே இருக்கும். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டால் திங்கட்கிழமை முதல் மதி அதற்குள் சுவர் கட்டுவான் என்று எங்களுக்குள் பேச்சு.

சுவர் என்றால் ஒளிந்துகொள்ளும் சுவர். எங்கள் விளையாட்டில் கயல் என்று ஒருத்தி இருக்கிறாள். பாதி முழுகிப்போன ஊரில் மேம்பாலத்துக்கு மேம்பாலம் தாவி ஓடுவாள், சுடுகிற இயந்திரங்களைத் திருப்பிச் சுடுவாள். ஆடுகிறவருக்கு அவள் முதுகு எப்போதும் தெரியும். வெறும் துப்பாக்கி முனையை மட்டும் காட்டுகிற விளையாட்டுகள் எனக்கு ஒட்டவே இல்லை. ஓடுகிற உடம்பு கண்ணில் பட வேண்டும், அவள் கால் வழுக்கினால் நம் வயிறு இழுக்க வேண்டும். கயல் நின்றால் சாவாள். அடிபட்டால் ஓரமாகப் போய் மூச்சு வாங்க இடம் கிடையாது. எவன் சுட்டானோ அவன்மீதே பாய்ந்து அடித்தால்தான் போன உயிர் திரும்பும். இது நான் போட்ட விதி. பணம் போடுகிறோம் என்று வந்த பெங்களூர்க்காரர்கள் பத்து நிமிடம் ஆடிவிட்டு, ஆடுபவர்கள் களைத்துப்போகிறார்கள், மற்ற விளையாட்டுகளில் இருப்பதுபோல நாலு சுவர் வையுங்கள் என்றார்கள். மதி தலையாட்டிவிட்டு வந்தான். சுவர் வந்தால் நான் வரமாட்டேன் என்று கோபத்தில் சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான், இப்போது விழுங்க முடியவில்லை.

நியாயமாகச் சொன்னால் நிலவரம் என் பக்கம் இல்லை. இதற்கு முன் வந்த பையன்கள் எல்லோரும் முதல் பாலத்திலேயே செத்தார்கள். கன்ட்ரோலரைப் பதமாக மேசையில் வைத்துவிட்டு, "நல்லாதான் இருக்கு ப்ரோ" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அவர்களுக்குக் கைப்பழக்கம் இல்லை என்று நான் நினைத்தேன். எனக்கு அந்தப் பாலம் மெதுவாகத்தான் தெரிந்தது. தினமும் ஆடுகிறேன், தினமும் கொஞ்சம் சலிப்பாக இருக்கும், உடனே குண்டுகளின் வேகத்தை ஒரு இம்மி ஏற்றுவேன். ஏற்றினால்தான் எனக்குள் இருக்கிற பரபரப்பு அடங்கும். எனக்கு உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் நடக்க வேண்டும். செம்பாக்கத்தில் தண்ணீர் கேன் கடைக்கு மேல் இருக்கிற எங்கள் ஒற்றை அறையில் நான் நடக்கிற தடத்தில் மட்டும் தரை பளபளவென்று இருக்கும்.

அப்போதுதான் தபீதாள் மாடியேறி வந்தாள். என் மனைவி. குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் கேஷுவால்டி நர்ஸ். காலை ஷிப்ட் முடித்து, என்னைக் கூட்டிக்கொண்டு பீர்க்கன்கரணையில் அவள் அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. முகம் கசங்கியிருந்தது. வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மதியின் கண் அவளைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

"சிஸ்டர், ஒரு அஞ்சு நிமிஷம். கேம் ஆடிப் பாக்குறீங்களா?"

"டேய், அவ வேணாம்டா."

"ஏன், நான் ஆடக் கூடாதா?" என்றாள் தபீதாள். அவ்வளவுதான், முடிந்தது. வேண்டாம் என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவளே வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். இத்தனை நாளில் ஒருமுறைகூட அதைத் தொட்டதில்லை. வீட்டில் நான் கால் ஆட்டுவதைப் பார்த்தே தலை சுற்றுகிறது, அதையே டிவியில் வேறு பார்க்க வேண்டுமா என்பாள். எனக்குப் பயமாக இருந்தது. அவள் 'நல்லாதான் இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போகிறவள் அல்ல. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்பாள், அதோடு வீட்டுக்கு வந்தும் சொல்வாள்.

ஆடுகிறவரோடு நாங்கள் ஒரு வார்த்தை பேச மாட்டோம், கேட்டாலும் பதில் சொல்ல மாட்டோம். திரையையும் அதிகம் பார்ப்பதில்லை. ஆளைத்தான் பார்ப்போம். மரியாதைக்குச் சிரிக்கத் தெரிந்த முகத்தை நம்ப முடியாது. இடுப்புக்கு அந்த சாமர்த்தியம் இல்லை. கயல் இடப்பக்கம் பாயும்போது ஆடுகிறவரின் இடுப்பும் இடப்பக்கம் சாய்ந்தால் அவர் உள்ளே போய்விட்டார் என்று அர்த்தம். சாயாமல் நிமிர்ந்தே இருந்தால் அவர் மனது வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது.

தபீதாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கயலை நாலு அடி நடத்தினாள். முதல் குண்டு வந்ததும் ஒரு தூணுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கன்ட்ரோலரை மடியில் வைத்து, தன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். நிற்காதே தபி, ஓடு என்று மனதுக்குள் கத்தினேன். இயந்திரம் தூணைச் சுற்றிக்கொண்டு வந்து முதுகில் சுட்டது. கயல் விழுந்தாள். திரை சாம்பல் நிறமானது.

"காலைல இருந்து ஓடிட்டுதான் வர்றேன். ஒரே நேரத்துல மூணு ஆக்ஸிடென்ட் கேஸு. இங்கயும் ஓடணும்னா எப்படி?"

மதி ஃபேனைப் பார்த்தான். கீழே காலி கேன்களைத் தூக்கிப் போடும் சத்தம் தடதடவென்று கேட்டது. முடிந்தது என்று நினைத்தேன். சுவர்தான். அதற்குப் பின்னால் உட்கார்ந்து மூச்சு வாங்கத்தான் இந்த ஊரில் எல்லோருக்கும் ஆசை, அவளுக்கும்தான். தப்பு என்று எப்படிச் சொல்வேன்? காலையிலிருந்து உட்காராதவள் அவள். நானோ ஃபேனுக்கு அடியில் இருந்துகொண்டு, ஓடு ஓடு என்கிறேன்.

"அது யாரு, பின்னாடி வந்து சுட்டது?" என்றாள் தபீதாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். "கேக்குறேன்ல? ரெண்டு பேரும் ஊமையா?" எங்களை முறைத்தாள். பிறகு திரையை முறைத்தாள். "இரு, உன்னை வந்து வெச்சுக்கிறேன்" என்று கட்டை விரலால் அழுத்தினாள்.

மறுபடியும்.

நான் சத்தம் போடாமல் என் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். இந்த முறை அவள் தூண் பக்கமே போகவில்லை. நேராக ஓடினாள். தப்புத் தப்பாகச் சுட்டாள், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் முட்டினாள், முட்டிய வேகத்தில் பாய்ந்து அந்த இயந்திரத்தின் மேலேயே விழுந்தாள். அது உடைந்தபோது திரையில் உலகமே கண் சிமிட்டும் நேரம் நின்று மறுபடி ஓடியது. "ஆங்!" என்றாள். போன உயிர் கயலுக்குத் திரும்பியது. அடுத்ததை நோக்கி அவளாகவே ஓடினாள். நாற்காலி கிரீச்சென்று முன்னால் நகர்ந்தது. ஒரு செருப்பு கழன்று கிடந்தது. கயல் வலப்பக்கம் உருண்டாள், என் மனைவியும் வலப்பக்கம் சாய்ந்தாள், நர்ஸ் கொண்டையோடு, வாயைப் பாதி திறந்துகொண்டு. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஜெயித்துவிட்டேன், பைத்தியக்காரா ஜெபகுமார், ஜெயித்துவிட்டாய்.

அந்தச் சந்தோஷத்தில்தான் திரையைப் பார்த்தேன். ஒரு குண்டு கயலின் தோளைத் துளைத்துக்கொண்டு போனது. துளைத்துக்கொண்டேதான் போனது. உயிர் குறையவில்லை. அடுத்த குண்டும் அவள் முழங்கையில் பட்டது, ஒன்றும் ஆகவில்லை. உலகம் நின்று ஓடிய அந்தச் சிமிட்டலும் நான் வைத்ததல்ல என்று அப்போதுதான் உறைத்தது. குண்டுகளும் நான் விட்ட வேகத்தில் வரவில்லை.

"பட்டுச்சுடா அது" என்றேன். பேசக் கூடாது என்பதெல்லாம் போயிற்று.

"எங்க பட்டுச்சு? உரசிட்டுப் போச்சு" என்றான் மதி, என்னைப் பார்க்காமல்.

"மதி."

"காலைல நீ டீக்குப் போனப்ப மாத்துனேன்" என்று என்னை ஜன்னல் பக்கம் இழுத்துப் போய் அடங்கிய குரலில் சொன்னான். "நெஞ்சுலயோ முதுகுலயோ பட்டாதான் அடி. கை, தோளுன்னா அடி கிடையாது. குண்டோட ஸ்பீடையும் முதல் வருஷம் இருந்த அளவுக்குக் கொண்டுபோயிட்டேன். தினம் காரம் திங்கிறவன் வெச்ச குழம்புடா உன் கேம். உனக்கு உறைக்கல, உறைக்கலன்னு நீ மொளகாய அள்ளிப் போட்டுக்கிட்டே இருக்க. வர்றவன் கண்ணுல தண்ணி ஊத்துது."

"ஏமாத்து வேலை. பட்டா பட்டதுதான். அதுல பொய் சொன்னா அப்புறம் என்னடா கேம்?"

"யாரை ஏமாத்துனேன்? சிஸ்டரைக் கேளு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா விட்டிருப்பியா? சுவர் வெச்சா நீ போயிடுவ. வெக்கலன்னா பெங்களூர்க்காரன் போயிடுவான். நான் என்னடா பண்ணட்டும்?" அவன் குரல் உடைந்தது. கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்த காலத்திலிருந்து அவனைத் தெரியும், இப்படிப் பேசிக் கேட்டதில்லை. "நீ போகக் கூடாதுன்னுதான் பண்ணேன்."

அவன்மேல் கோபமும் வந்தது, அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் வந்தது, இரண்டையும் செய்யாமல் நின்றேன். விதி என்னுடையது. ஆனால் அதை ஆட முடிகிற மாதிரி ஆக்கியது அவன். என் கணக்குப்படி தபீதாள் இதற்குள் நாலுமுறை செத்திருக்க வேண்டும். செத்திருந்தால் இந்நேரம் நாங்கள் ஸ்கூட்டியில் பீர்க்கன்கரணைக்குப் போய்க்கொண்டிருப்போம்.

"ஜெபா! பாத்தியா, பாத்தியா!" என்று கத்தினாள். "ஜஸ்ட் மிஸ்ஸு! தோளை உரசிட்டுப் போச்சு! எப்படி வளைஞ்சேன் பாத்தியா?"

வளையவில்லை. அவள் வளைவதற்குள் குண்டு பட்டாயிற்று. எனக்குத் தெரியும், மதிக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை, கண்ணில் ஒரு திமிர். கல்யாணத்துக்கு முன்னால், கடைசி ரயிலை ஓடிப் பிடித்து ஏறிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாளே, அந்தத் திமிர். அதைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! ஆனாலும் என் வாய் சும்மா இருக்காது. உண்மையைச் சொல்லியே தீர வேண்டும் என்று கால் தானாக நடந்தது. திரைக்கு முன்னால் போய் நின்றேன். எங்கே பட்டது என்று காட்டுவதற்கு விரலைக்கூடத் தூக்கிவிட்டேன்.

"தபி, அது வந்து..."

"ஐயோ தள்ளுப்பா, மறைக்குது!"

நான் நகருவதற்குக்கூட அவள் காத்திருக்கவில்லை. நாற்காலியின் இரண்டு கால்கள் தரையை விட்டுக் கிளம்பும் அளவுக்கு இடப்பக்கம் சாய்ந்து, என் இடுப்புக்குப் பக்கத்தில் தெரிந்த கொஞ்சூண்டு இடத்தில் கயலைத் தேடிப் பிடித்து, ஓட்டிக்கொண்டிருந்தாள்.