இருபத்தேழாவது பெயர்

"உங்க மேல ஒரு கேஸ் இருக்கேம்மா" என்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த காவலர் சொன்னதும் தமிழ்ச்செல்வி சிரித்துவிட்டாள். கடலூரில் அந்தப் போலீஸ் அலுவலகத்தின் சிறிய அறைக்கு வருகிறவர்கள் யாரும் சிரிப்பதில்லை போலிருக்கிறது, அவர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். பிறகு திரையைப் பார்த்து நிதானமாகப் படித்தார். எட்டு வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதம், சிதம்பரத்துக்கு வெளியே பைபாஸில் குடிதண்ணீர் கேட்டு மறியல், நாற்பத்து மூன்று பேர் கைது, அதில் இருபத்தேழாவது பெயர் தமிழ்ச்செல்வி, வயது பத்தொன்பது, தகப்பனார் சுப்பராயலு. ஊர், தெரு எல்லாம் அச்சு அசலாகச் சரி.

"சார், எனக்கு ரோட்ட தாண்டுறதுக்கே பயம். நான் எங்க சார் ரோட்டுல போய் உக்காரப் போறேன்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. நர்ஸ் வேலைக்கு ஃபாரம் குடுக்கும்போது கேஸ் எதுவும் இல்லன்னு எழுதியிருக்கீங்க. இங்க இருக்குது. மறைச்சிட்டாங்கன்னு முடிவு பண்ணிட்டா வேலை போயிடும். அதுக்குத்தான் உங்க டிபார்ட்மென்ட்டு பதினஞ்சு நாள் டைம் குடுத்து விளக்கம் கேட்டிருக்கு" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு துண்டுத் தாளில் குற்ற எண்ணையும் வருடத்தையும் எழுதி நீட்டினார். "சிதம்பரம் கோர்ட்டுல போய் இது என்னா ஆச்சின்னு காப்பி வாங்குங்க. முடிஞ்ச கேஸா இருந்தா நல்லது."

தாளை வாங்கியது அமராவதி. தமிழ்ச்செல்வியின் அண்ணி, கார்த்திகேசனின் மனைவி. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு நாத்தனாருக்குத் துணையாக வந்திருந்தாள். துணைக்கு வந்தவள் அந்தத் தாளை யார் கண்ணிலும் படக்கூடாது என்பதுபோல் நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். ஏனென்றால், அந்த இருபத்தேழாவது ஆள் அமராவதிதான்.

அப்போது அவளுக்குக் கல்யாணமாகி இரண்டே மாதம். ஊரில் பதினாறு நாளாகக் குழாயில் காற்றுதான் வந்தது. "பொம்பளைங்க ரோட்டுக்குப் போறாளுவளாம், நீ போயித் தொலைக்காத" என்று கார்த்திகேசன் காலையில் சொல்லிவிட்டுத்தான் போனான். அவளும் போகிற எண்ணத்தில் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு குடம் கிடைக்குமா என்று பார்க்கப் போனவள், வழியில் பைபாஸ் முழுக்கக் காலிக் குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். குடத்துக்கு ஒரு பெண். "வா பொண்ணு, இங்க எடமிருக்கு" என்று ஒருத்தி நகர்ந்து கொடுத்தாள். அவ்வளவுதான். புகுந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவளுக்கு அப்படி நகர்ந்து இடம் கொடுத்ததில்லை.

பதினோரு மணிக்கு எல்லோரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். கைது என்றார்கள், ஆனால் மின்விசிறி ஓடியது, எலுமிச்சை சாதம் வந்தது, ஒரு கிழவி யாருடைய கல்யாணத்திலோ பாடிய நலங்குப் பாட்டைப் பாடினாள், போலீஸ்காரப் பெண்களே சிரித்தார்கள். அமராவதி அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தாள். சொன்னால் யார் நம்புவார்கள், ஆனால் கல்யாணமான பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டு வாய்விட்டுச் சிரித்தது அந்த மண்டபத்தில்தான். நாலு மணிக்கு ஒரு பெண் காவலர் நோட்டோடு வந்து உட்கார்ந்து, "பேரு, அப்பா பேரு, வயசு சொல்லிட்டு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போலாம்" என்றாள். அந்த 'வீட்டுக்கு' என்ற வார்த்தையில் அமராவதிக்கு உயிர் போய்விட்டது. வாயில் வந்த பெயரைச் சொன்னாள். தமிழ்ச்செல்வி. அப்பா சுப்பராயலு. வயசு, தெரு எல்லாம் அவளுடையதே. வீட்டில் பெரியம்மா ஊருக்குப் போய்வந்ததாகச் சொன்னாள். மூன்றாம் நாள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. மண்டபத்தை எல்லோரும் மறந்தார்கள், அவளும் மறந்துதான் போனாள். யார் கண்டது, அந்த நோட்டுக்கு மறதி கிடையாது என்று?

பஸ்ஸில் கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியெல்லாம் தமிழ்ச்செல்வி பேசிக்கொண்டே வந்தாள். யாரோ நம்ம தெருவிலேயே இன்னொரு தமிழ்ச்செல்வி இருந்திருப்பாள், அவளுக்கும் அப்பா பேர் சுப்பராயலாக இருந்துவிட்டதோ என்னமோ, கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு, என்று தனக்குத் தானே சமாதானம் அடுக்கினாள். பைபாஸை ஒட்டிய தங்கள் ஊரைத் தாண்டி பஸ் போனபோது, "வேலை மட்டும் போச்சின்னா நான் என்னா பண்ணுவேன் அண்ணி? மூணு தடவ எழுதி இப்பதான் கெடச்சிது" என்றபோது அவள் குரல் உடைந்தது. அமராவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல், இப்போது சொல் என்று மனசு இடித்தது. முழுப் பூசணிக்காயை எட்டு வருடம் சோற்றில் மறைத்தாயிற்று, இன்னும் எத்தனை நாளைக்கு? அதற்குள் சிதம்பரம் வந்துவிட்டது.

கோர்ட்டுக்கு எதிரே பிரிசில்லாவின் ஜெராக்ஸ் கடை. பத்துக்குப் பத்து அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரில் மாதா படம். பிரிசில்லாவுக்கு நாற்பது வயசிருக்கும். இருபது வருடமாக வக்கீல்களுக்கு மனு அடித்துக் கொடுத்து, எந்த வக்கீல் எந்த இடத்தில் தப்பு விடுவார் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தாள். துண்டுத் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ஸ்டேஷன், வருசம், நம்பர் மூணும் இருக்குல்ல, அப்ப வேலை சுலுவு. இது மூணும் இல்லாம வந்து 'எங்க மாமா மேல ஒரு கேஸாம், கண்டுபுடிச்சிக் குடு'ம்பாங்க பாரு, அவுங்களோடதான் ரோதன" என்றபடி போலீஸ் இணையதளத்தைத் திறந்து மாவட்டம், காவல் நிலையம், வருடம், எண் என்று ஒவ்வொன்றாகத் தட்டினாள். எஃப்ஐஆர் வந்தது. அச்சடித்து மேசையில் வைத்தாள். நாற்பத்து மூன்று பெயர்கள். தமிழ்ச்செல்வி தன் பெயர்மேல் விரலை வைத்து, அது அழிந்துவிடுமா என்பதுபோல் தேய்த்தாள். பிரிசில்லா அதற்குள் கோர்ட்டு இணையதளத்தில் அதே எண்ணைப் போட்டுத் தேடியிருந்தாள். எதுவும் வரவில்லை.

"கோர்ட்டுல கேஸ் நம்பரே ஏறல. சார்ஜ் ஷீட் போடலன்னு தெரியுது. மறியல் கேஸெல்லாம் முக்காவாசி அப்பிடித்தான், மேல நடவடிக்கை வேணாம்னு ஒரு ரிப்போர்ட்ட கோர்ட்டுல குடுத்து முடிச்சிருப்பாங்க. அந்த ரிப்போர்ட்டுக்குத்தான் நகல் மனு போடணும். குற்ற எண்ண எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நகல் பிரிவுல குடுத்தா ஒரு வாரம் பத்து நாள்ல சீல் வெச்சிக் குடுப்பாங்க." ஒரு படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். "நீங்க பார்ட்டியா, தேர்ட் பார்ட்டியா?"

"அப்பிடின்னா?"

"கேஸுல இருக்குற ஆளுன்னா கையெழுத்துப் போட்டா போதும். வெளியாளுன்னா எதுக்கு வேணும்னு காரணம் சொல்லி அபிடவிட் குடுக்கணும்."

தமிழ்ச்செல்வி யோசித்தாள். அவள் எப்போதும் அப்படித்தான், ஊசி போடுவதற்கு முன் மருந்துச் சீட்டை இரண்டு தரம் படிக்கிறவள். "நான் பார்ட்டின்னு கையெழுத்துப் போட்டா, அன்னைக்கு அங்க இருந்தது நான்தான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதாக்கா? அப்ப ஃபாரத்துல பொய் எழுதினேன்னு ஆயிடும். அந்த மாசம் நான் கடலூர்ல ஹாஸ்டல்ல இருந்தேன். காலேஜ்ல அட்டெண்டன்ஸ்கூட இருக்கும்."

"அத வாங்கு மொதல்ல. நீ அங்க இல்லன்னு அது சொல்லும். ஆனா, அப்ப உன் பேரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது யாருன்னு கேப்பாங்க பாரு, அதுக்கு என்னா பண்ணுவ?" என்றாள் பிரிசில்லா.

பிரிண்டர் எங்கேயோ ஒரு தாளை இழுத்துச் சிக்கிக்கொண்டு முனகியது. அமராவதி தன் குரலைத் தானே கேட்டாள்.

"நான்தான்."

இரண்டு பேரும் திரும்பினார்கள். "நான்தான் தமிழு. மண்டபத்துல ஒம் பேரச் சொன்னேன். ஒங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னா ஆவுமோன்னு பயந்துபோயி சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. குடம், வேன், எலுமிச்சை சாதம், நோட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிரிசில்லா கண்ணாலேயே வெளியே அனுப்பினாள்.

தமிழ்ச்செல்வி எஃப்ஐஆரை எடுத்து அந்தப் பெயரை மறுபடி பார்த்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. கோபம் வந்தால் அவளுக்கு அப்படித்தான். "காலையிலேர்ந்து என் கையப் புடிச்சிக்கிட்டு வந்தியே அண்ணி" என்றாள். "ஏன் எம் பேரு? வாயில எதுனா ஒரு பேரு சொல்லிருக்கலாம்ல? செத்துப்போன ஒங்க ஆயா பேரச் சொல்லிருக்கலாம்ல?"

அமராவதிக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இத்தனை வருடம் தெரியாமல்தான் இருந்தது. கேட்ட பிறகுதான் தெரிந்தது. "நீ ஹாஸ்டலுக்குப் போயி பத்து நாள் ஆயிருந்துச்சி. அந்த வீட்டுல எனக்குப் புடிச்ச பேரு அது ஒண்ணுதான். அதான் வந்துச்சி."

தமிழ்ச்செல்வி எழுந்து கடை வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து நின்றுகொண்டாள். முதுகு குலுங்கியது. அழுகிறாளா, திட்டுகிறாளா, தெரியவில்லை. பின்னாலேயே போக அமராவதிக்குத் தைரியம் வரவில்லை.

"இத்தன வருசத்துல பார்ட்டி ஒருத்தி, பேரு ஒருத்தின்னு இப்பதான் பாக்குறேன்" என்றாள் பிரிசில்லா, தலையைச் சொறிந்துகொண்டு. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க பேர்ல தேர்ட் பார்ட்டின்னு மனு போடலாம். அபிடவிட்டுல உள்ளத உள்ளபடி சொல்லிடலாம். அந்தப் பொண்ணு அதோட காப்பியையும் காலேஜ் அட்டெண்டன்ஸயும் வெச்சி விளக்கம் குடுத்தா, நிக்கும். ஆனா ஒண்ணு, பேர மாத்திச் சொன்னதுக்கு ஒங்கள கூப்புட்டுக் கேக்கலாம், கேஸுகூட ஆவலாம். ஒரு வக்கீலக் கேக்காம கையெழுத்துப் போடாதீங்க. மாடியில ஸ்ரீமதி மேடம் இருக்காங்க, நல்லவங்க."

மாடியில் ஸ்ரீமதி வக்கீல் முக்கால் மணி நேரம் கேட்டார், நடுவில் ஒருமுறை மட்டும் சிரித்தார், எலுமிச்சை சாதத்துக்கு. "ஒங்களுக்கு ரிஸ்க் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்களா முன்வந்து சொல்றீங்க, தண்ணி கேட்டு உக்காந்த கேஸு, அதுவும் கைவிட்டதா இருக்கும்னு நெனைக்கிறேன். கோர்ட்டுக்கும் மனசு இருக்கும்மா" என்றார். மூன்று மணிக்குப் பிரிசில்லா அடித்துக் கொடுத்த தாளில், 'அமராவதி' என்று தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு அவள் கையெழுத்துப் போட்டாள். இவ்வளவுதானா என்றிருந்தது.

நகல் பிரிவில் மனுவைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் தமிழ்ச்செல்வி செல்போனோடு நின்றிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. "என் காலேஜ்ல பேசிட்டேன், ரிஜிஸ்டர் எடுத்து வெக்கிறாங்களாம்" என்றாள். அண்ணி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. பிறகு ஓர் எண்ணைத் தட்டிவிட்டு அமராவதியிடம் நீட்டினாள். திரையில் கார்த்திகேசன் பெயர்.

"நாளைக்கு வேற யாரோ அவன்கிட்ட சொல்றதுக்கு, இன்னைக்கு நீயே சொல்லிடு."

அமராவதி போனை வாங்கிக் காதில் வைத்தாள். ஒருமுறை மணி அடித்தது. இரண்டாவது முறையும் அடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டபோது, முழங்கைக்கு மேல் ஒரு கை வந்து, ரத்த அழுத்தம் பார்க்கிறவள் பிடிப்பதுபோல் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது.

"அலோ?" என்றான் கார்த்திகேசன்.