முன்மொழிய ஒருவர்

சமுதாயக் கல்லூரியின் வெல்டிங் கூடத்தில் எல்லார்க்கும் அவன் மாஸ்டர். அத்துறைக்குத் தலைவியான தங்கைக்கு மட்டும் அண்ணன். மாணவர் கூட்டத்தின் நடுவிலும் அவளைப் பாப்பா என்றே அழைப்பான். நரை ஓடத் தொடங்கிவிட்ட பாப்பா. தந்தை மறைந்தபின் படிப்பைப் பாதியில் நிறுத்தி, நெருப்பின் முன் நின்று அவளைக் கரையேற்றியவன். அவள் பெற்ற பட்டங்கள் அவன் கண்ணெரிச்சலில் விளைந்தவை.

இவ்வாண்டு புதிய விதி வந்தது. பட்டயமேனும் இல்லாதவர் பயிற்றுநர் ஆகார். உதவியாளராய்க் கருவி எடுத்துக் கொடுக்கலாம், பாடம் சொல்லலாகாது. ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தது: அனுபவத்தையே தகுதியாகக் கொள்ளுமாறு துறைத்தலைவர் முன்மொழிந்தால், குழு ஏற்கலாம்.

கூட்டத்தன்று அண்ணன் தேய்த்த சட்டையில் வந்தான்.

"என்னண்ணா, பொண்ணு பார்க்கவா கிளம்பிட்டே?"

"மெதுவா பேசு, உங்க அண்ணி காதுல விழப்போகுது. நீ உள்ள இருக்கேல்ல, அது போதும்."

குழுவில் அவன் பெயர் வந்ததும் வணிகத்துறைத் தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "இது மேடம் வீட்டு விஷயம். பந்தியும் அவங்களது, அகப்பையும் அவங்களது. நமக்கென்ன வேலை?"

சிரிப்பு எழுந்தது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடலாகுமா? அவள் எழுந்தாள். "அவர் என் கூடப்பிறந்தவர். நான் வெளியே இருக்கேன்."

கதவைச் சாத்துகையில் துலாக்கோலின் நா தன்னுள் கோணாது நின்றதென நெஞ்சு நிமிர்ந்தது. தனக்குப் பதிலாக முதல்வர் முன்மொழிவார் என்று எண்ணினாள், அவரிடம் கேட்கவில்லை.

கதவு விரைவிலேயே திறந்தது.

"நீங்கதானம்மா முன்மொழியணும்," என்றார் முதல்வர். "இல்லேன்னா வேற ஆளையாவது நியமிச்சுட்டுப் போயிருக்கணும். நாங்க வாயைத் திறக்க விதியில இடமில்ல."

"இப்ப வந்து சொல்றேன் சார்."

"முடிஞ்சுபோச்சு. கையெழுத்தும் ஆயிடுச்சு."

படிக்கட்டின் அடியில் அண்ணன் காத்திருந்தான்.

"என்ன சொன்னே பாப்பா?"

"நான் உள்ள இல்லண்ணா. தங்கச்சியே பேசினா நல்லாயிருக்காதுன்னு..."

சட்டைக் கைமடிப்பை அவன் நெடுநேரம் நீவிக்கொண்டிருந்தான். "எனக்காக நீ பேசவேண்டியிருந்தது இந்த ஒருநாள்தான். சரி விடு. உனக்கு நல்ல பேரு கிடைச்சுடுச்சு."

அடுத்த வாரம் பட்டம் பெற்ற புதியவர் பாடம் எடுத்தார். அண்ணன் கருவி அடுக்கின் அருகே நின்றான். "மாஸ்டர், இந்த வெல்டிங் சரியா?" என்று பழக்கத்தில் ஒருத்தி இரும்புத் துண்டை நீட்டினாள். அவன் புதியவரை நோக்கிக் கை காட்டினான்.

அப்போது தங்கை உள்ளே நுழைந்தாள். அவன் சுவரோடு ஒட்டி வழிவிட்டான்.

"வாங்க மேடம்."

துறைத்தலைவரை உதவியாளர் அழைக்கவேண்டிய முறை அதுவே. அதில் குறை காண அவளுக்கு இடமிருக்கவில்லை.