சுவரில் வராத படம்

அது தொண்ணூற்றெட்டா, தொண்ணூற்றொன்பதா என்று எனக்கு உறுதியில்லை. ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள் என்பது மட்டும் நிச்சயம். மற்றதில் எதையாவது எனக்குச் சாதகமாக மாற்றி வைத்திருக்கவும் கூடும்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நான் நூலகர். சுகிர்தா கம்ப்யூட்டர் பாடத்துக்குத் தற்காலிக ஆசிரியை. காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளை வைத்தே எல்லாப் பாடத்தையும் நடத்தலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். நிர்வாகக் குழுவுக்கு அதை நடத்திக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அந்த மாதத்தோடு சரி. செயலாளர் தாணுமாலையன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அவளிடம் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொடுத்தனுப்பிய பழைய லேப்டாப் இருந்தது. அதன் படத்தை வெளித்திரைக்கு அனுப்ப, கீழ் மூலையிலுள்ள எஃப்என் கீயோடு இன்னொரு கீயைச் சேர்த்து அழுத்த வேண்டும். லினக்ஸில் நேராக அழுத்தினால் படம் உறைந்துவிடும். முதலில் எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரைக்குப் போய், அங்கே அழுத்தி, பிறகு திரும்பி வர வேண்டும். நூலகத்து மானிட்டரை இணைத்து ஒரு வாரம் பழகினாள். பக்கத்து மேசையில் நான் வாசித்துக்கொண்டிருப்பேன். இருவரும் அதிகம் பேசியதில்லை. அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது.

அன்று திருநெல்வேலியிலிருந்து புரொஜெக்டர் வந்தது. கேபிளைச் செருகி அழுத்தினாள். சுவரில் வெறும் நீலம். மறுபடி அழுத்தினாள். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டாள். அப்போதும் நீலம்தான்.

“ஏம்மா, செவுத்துக்கு நீலம் அடிக்கவா திருநெல்வேலியிலேருந்து ஆளை வரச் சொன்ன?” என்றார் தாணுமாலையன். குழு சிரித்தது. “சும்மா கெடச்சதுன்னா இப்படித்தான் இருக்கும்.”

எட்டிப் பார்த்தேன். எஃப்என் கீயின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு. கீ பாதிதான் இறங்கியது. பதற்றத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

பூஜையன்று நூலகத்தில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவன் நான். அவள் லேப்டாப்பை அங்கே விட்டுவிட்டு ஊருக்குப் போனவள், நடத்திக் காட்டும் நாளன்று காலையில்தான் திரும்பியிருந்தாள். எழுத்து எதுவும் மறையக் கூடாதென்று, யாரும் தொடாத மூலையாகப் பார்த்து சந்தனம் வைத்தேன். பிறகு துடைத்தும் விட்டேன். இடுக்கில் இறங்கியது காய்ந்து இறுகியிருந்தது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். பேசாமலிருப்பது எனக்கு எப்போதும் எளிது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்பதுதான் நினைவில் குழம்புகிறது.

“தப்பு என்னோடதும்மா. அந்தக் கீயில சந்தனம் வச்சது நான்தான்.”

“கொம்பையாண்ணாச்சி!” என்றாள். தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி என்னிடம் நீட்டினாள். “பையச் சுரண்டுங்க. கீ கழண்டுராம.”

“குங்குமத்தை எங்கன வச்சீரு வே?” என்று கேட்டார் தாணுமாலையன்.

“திரையில, சார். அது போயிட்டு.”

இந்த முறை சுகிர்தாவும் சிரித்துவிட்டாள். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவள் கறுப்புத் திரைக்குப் போனாள், அழுத்தினாள், திரும்பி வந்தாள். லேப்டாப்பில் இருந்த படம் அப்படியே சுவர் முழுக்க விரிந்தது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

சுகிர்தாவின் வேலை அடுத்த மாதமே நிரந்தரமானது. இப்போது துறைத் தலைவி. தாணுமாலையன் பத்து வருடம் கழித்துக் காலமானார். லேப்டாப் அதற்கு முன்பே நின்றுபோயிற்று. நான் ஓய்வு பெற்று ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறேன்.