நீள ஊதல்

சிகாகோவின் அந்தத் தெருவில் விசில் ஊதுவதற்கு ஓர் இலக்கணம் உண்டு. விட்டு விட்டுக் குட்டியாக ஊதினால், குடியேற்ற அதிகாரிகளின் வண்டி கண்ணில் பட்டிருக்கிறது. அங்கே தங்க அனுமதிக் காகிதம் இல்லாதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும். மூச்சு முட்ட ஒரே நீளமாக ஊதினால், யாரையோ பிடித்துவிட்டார்கள்; காகிதம் உள்ளவர்கள் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நிற்க வேண்டும். முன்னது ஒளிப்பதற்கு, பின்னது கூட்டுவதற்கு. இதைத் தெரு முழுவதற்கும் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தவள் ரொசெண்டா. பிடிபடும் முன்னே நீள ஊதல் கூடாது என்பதும் அவள் போட்ட விதிதான்.

அன்று அவள் கணவன் அன்செல்மோ, ஹெர்மெலிண்டாவின் வீட்டுக் கூரையில் ஒழுகலை அடைத்துக்கொண்டிருந்தான். காகிதம் இல்லாதவன். முகமூடி போட்ட அதிகாரிகள் நால்வர் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய முதல் வீரச்செயல், அவனுடைய ஏணியை எடுத்துத் தங்கள் வண்டியில் ஏற்றியது. அவனால் இறங்க முடியாது என்பது கணக்கு. அதே ஏணி இல்லாமல் தாங்களும் ஏற முடியாது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. திரும்பச் சாத்தலாம்தான், ஆனால் முதலில் ஏறுபவன் கூரைக்கு மேலே தலையை நீட்ட வேண்டுமே. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வாசலில் நின்ற ரொசெண்டா குட்டியாகவே ஊதினாள். நீளமாக ஊதத்தான் ஆசை. இன்னும் பிடிக்கவில்லையே, விதி விதிதான்.

நால்வரில் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் அவள் கழுத்திலிருந்து விசிலைப் பிடுங்கினான். "ஊதி ஊதிக் கூட்டம் சேக்கிறியா?"

"உள்ள இருங்கன்னுதான் ஊதினேன் ஆபீசர். வெளிய யாராவது வந்தாங்களா, பாருங்க."

முதலிலிருந்தே வேலியோரம் நின்ற நாலைந்து பேரை அவன் முறைத்தான். "இந்த விசிலாலயே இவங்களைக் கலைக்கிறேன், பாத்துக்கோ."

"அதை ஊதாதீங்க. உங்களுக்குத் தெரியாது."

"விசில் ஊதத் தெரியாதா எனக்கு?"

ஆட்டம் முடிந்ததென்று அறிவிக்கும் நடுவரைப்போல, மூச்சு தீரும்வரை ஒரே நீளமாக ஊதினான்.

கதவுகள் வரிசையாகத் திறந்தன. தெரு நிரம்பியது.

பதறிப்போன அதிகாரிகள் கண்ணீர்ப்புகைக் குப்பியை எறிந்தார்கள். அது புகை என்று பெயர்தானே ஒழிய, உள்ளே இருப்பது நுண்ணிய தூள். காற்று எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் போகும். ஊரையொட்டிய ஏரியின் காற்று அவர்கள் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது. அரசாங்கத்தின் பதில் அரசாங்கத்தின் கண்களுக்கே போய்ச் சேர்ந்தது. இருமிக்கொண்டே வண்டியேறிப் போனார்கள், ஏணியோடு.

அது கூரைவேலைக்காரர்களின் தெரு. நொடியில் மூன்று ஏணிகள் வந்தன. "எது உனக்கு வசதி, மாப்ளே?" என்று கீழிருந்து ஒருவன் கேட்டான். அன்செல்மோ இறங்கி, எவர் வீட்டுக்குள்ளோ மறைந்தான்.

மாலையில் அரசாங்கப் பேச்சாளர் தொலைக்காட்சியில் வந்தார். பயிற்சி பெற்ற தலைவன் ஒருவன் விசில் சைகை கொடுத்துக் கலகக்காரர்களை வரவழைத்தானாம். துப்புக் கொடுக்க ஓர் எண்ணும் ஓடியது.

ஹெர்மெலிண்டா அந்த நாட்டிலேயே பிறந்தவள். போனை எடுத்தாள்.

"அந்தத் தலைவனை நான் பாத்தேங்க. பச்சைச் சட்டை, முகமூடி. உங்க வண்டியிலதான் ஏறிப் போனான். எங்க வாசல் ஏணியையும் தூக்கிட்டுப் போயிட்டான்."

"விசிலையும் திருப்பிக் கேளுங்க அக்கா," என்றாள் ரொசெண்டா.