உள்ளே விட்ட துணி

வெளிச்சம் வருமுன்பே இஸ்திரிப் பெட்டிகள் சூடேறிவிட்டன. தையல் அறை முழுக்க ஆவியும் ஈரத்துணி வாடையும். அக்கா மிஷினில் குனிந்து கவுன் ஒன்றின் இடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள். ஊசி குத்திக் குத்தி அவள் விரல் நுனிகள் மரத்துப்போய்ப் பல காலம் ஆகிறது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், அதே கவுன்களைப் போட்டுக்கொண்டு மாலை ஃபேஷன் ஷோ மேடையில் நடக்கவேண்டிய பெண்கள் வெறுங்காலோடு வரிசையில் நின்றார்கள். வரிசையின் முனையில் எடை மெஷின். ஒவ்வொருத்தி ஏறும்போதும் சூப்பர்வைசர் எண்ணை உரக்கப் படிப்பார். மூட்டை நிறுக்கிறவன்கூட இப்படிக் கத்தமாட்டான்.

அந்த வரிசையில் அக்காவின் தங்கையும் நின்றாள். எல்லாரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். நேற்று மாலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவள் பல்லில் படவில்லை. தண்ணீருக்கும் எடை உண்டே!

"சிரிக்காதடி, பல்லுக்கும் எடை இருக்கு" என்று பின்னால் நின்றவள் கிசுகிசுத்தாள். நெட்டை சத்தமில்லாமல் சிரித்தாள். உதடு வெடித்திருந்தது.

போன ஷோவுக்குத் தங்கையின் கவுனில் ஜிப் ஏறவில்லை. ஏறாவிட்டால் அன்றோடு வேலை போச்சு. யாரும் பார்க்காத நேரத்தில் அக்கா பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்து விட்டிருந்த துணியிலிருந்து அரை விரல் அகலம் வெளியே எடுத்து மறுபடி தைத்துக் கொடுத்தாள். ஜிப் ஏறியது. தங்கையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்த நிம்மதிதான் இப்போது தலையில் விடிந்தது. முதலாளியம்மா உள்ளே வந்தார்.

"போன தடவை எல்லாருக்கும் ஜிப் சர்ருன்னு ஏறிச்சு. அப்ப இன்னும் குறைக்கலாம்னுதானே அர்த்தம்? அதான் இந்தத் தடவை இடுப்புல ஒரு இஞ்ச் எடுக்கச் சொன்னேன். உள்ள விட்ட துணியையும் ஒட்ட வெட்டிடுங்க, தடிப்பாத் தெரியுது."

'எல்லாருக்கும்' என்றாரே, மற்றவர்களுக்கு எப்படி ஏறியது என்று அக்காவுக்கு விளங்கவில்லை.

புதுக் கவுன் நெட்டையின் முதுகு நடுவில் சிக்கி நின்றது. "மூச்சை உள்ள இழு" என்றார் சூப்பர்வைசர். இழுத்தாள். ஜிப் ஏறியது. அவள் மூச்சை வெளியே விடுவதற்குள் கால் மடங்கிவிட்டது. விழுந்த வேகத்தில் கீழ் மடிப்பில் குத்தியிருந்த குண்டூசிகள் முழங்காலைக் கிழித்தன.

"ஐயோ, ரத்தம் படுது, துணியைத் தூக்கு!" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

அக்கா கத்திரிக்கோலோடு ஓடிவந்தாள். கழுத்திலிருந்து இடுப்புவரை கவுனை ஒரே இழுப்பில் வெட்டினாள். உள்ளே தங்கையின் விலா எலும்புகள் ஏறி இறங்கின. அக்காவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"யாரைக் கேட்டு வெட்டினே?" என்றார் முதலாளியம்மா. "இவளை வீட்டுக்கு அனுப்பு. இந்த இடத்துக்கு வெளிய வரிசைல நிக்கிறாங்க. வாயைக் கட்ட முடியாதவளுக்கு இந்த வேலை எதுக்கு? நானே காலையில வெறும் வெந்நீர்தான் குடிக்கிறேன்."

"உங்களை யாரும் நிறுத்துப் பாக்கலையேம்மா" என்றாள் அக்கா.

இரண்டு பேர் சம்பாத்தியமும் ஒரே வீட்டுக்குள் வருவது. இதற்குமேல் பேசினால் இரண்டும் போகும். அக்கா பேசினாள்.

"போன தடவை ஜிப் ஏறினது இவ இளைச்சதால இல்ல. நான் பிரிச்சு விட்டேன்."

பக்கத்து மிஷினில் பொத்தான் தைப்பவள் தலை தூக்கினாள். "நீயுமா? அந்தச் சுருட்டை முடிக்காரிக்கு நான்தான் பிரிச்சு விட்டேன்."

"நானும்" என்றது பின்வரிசை. கட்டிங் மாஸ்டர் கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் வெட்டும்போதே கொஞ்சம் தாராளமா விட்டேன்மா."

ஒரே வீட்டில் தனித்தனியாகத் திருடப்போய் இருட்டில் முட்டிக்கொண்டவர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ சிரித்தும்விட்டார்கள்.

"நாங்க ஒளிச்சு ஒளிச்சு விட்டோம், நீங்க மேல மேல குறைச்சீங்க" என்றாள் அக்கா. "இனி ஒளிவு மறைவு கிடையாது. அவங்கவங்க உடம்புக்குத்தான் தைப்போம். எடை மெஷினும் இங்க வேண்டாம்."

"அப்ப மொத்தப் பேரும் வெளிய போங்க!"

பொத்தான் தைப்பவள் மிஷினை அணைத்தாள். அடுத்தது அணைந்தது. அதற்கடுத்ததும். இரைச்சல் ஓய்ந்த அறையில் யாரும் இடத்தைவிட்டு அசையவில்லை. மாலைக்குள் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

நெட்டை எழுந்து உட்கார்ந்தாள். கட்டிங் மாஸ்டர் நீட்டிய தண்ணீர் டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்தாள். இன்னொரு டம்ளர் கேட்டு அதையும் குடித்தாள். அக்காவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு நொண்டியபடியே போய் எடை மெஷினில் ஏறி, எண்ணைத் தானே உரக்கப் படித்தாள்.

"தண்ணி குடிச்ச எடை. எழுதிக்குங்க."

வரிசையில் அடுத்து நின்றவள் டம்ளருக்குக் கை நீட்டினாள்.