கண்ணாடி மூடி

வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தாலே சிங்காரவேலுக்குக் குமட்டும். மேலே ஐஸ் பிடிக்கிற அறைக்குள் பொங்கலுக்கு உரித்த மொச்சை இருக்கும். எப்போது அரைத்தது என்று அரைத்தவளுக்கே தெரியாத மாவு இருக்கும். ரத்தம் உறைந்த பாலிதீன் பைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கும். அதற்கு நடுவில் சாமிக்கு வாங்கிய மல்லிகைப்பூ. மீனையும் பூவையும் ஒரே அறையில் படுக்கப்போடுகிற குடும்பம் எப்படி உருப்படும் என்று அவர் வாய்விட்டே கேட்டிருக்கிறார். மருமகள் பூர்ணிமா, "பூவு கவர்லதான மாமா இருக்குது" என்பாள். கவரில் இருந்தால் ஆயிற்றா? பிணத்துக்கும்தான் துணி சுற்றுகிறார்கள்.

அந்தக் குப்பைத்தொட்டி போதவில்லையாம். கறி, மீன் போட்டுவைக்கத் தனியாக ஒரு ஃபிரீசர் வாங்கப்போகிறார்களாம். மகன் ராஜவேல் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்தவன். இப்போது விருத்தாசலத்திலேயே டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறான். ஆனாலும் நாக்கு இன்னும் மஸ்கட்டிலேயே இருந்தது.

"அங்கல்லாம் வூட்டுக்கு ரெண்டு இருக்கும்பா. ஒரு மாசத்துக்கு வாங்கிப் போட்டுடுவாங்க."

"ஒரு மாசம் செத்துக் கெடந்தத எடுத்துத் தின்னா அது சோறாடா? ஞாயித்துக்கெழம கடைக்குப் போனா ஆடு தொங்குது. தொட்டுப் பாத்தா சூடு இருக்குது. அத வாங்கி ஆக்கித் தின்ன முடியல ஒங்களுக்கு."

"அந்தச் சூட்டத் தொட்டுப் பாக்க நீ வரிசையில நில்லு. எங்களுக்கு நேரம் இல்ல."

வாங்குவது என்று முடிவாகிவிட்ட பிறகு, தான் போகாவிட்டால் கடைக்காரன் தலையில் மிளகாய் அரைத்துவிடுவான் என்று சிங்காரவேலும் கிளம்பினார். கடலூர் ரோட்டுக் கடை. முதலாளி அன்பரசன் எல்லோரையும் உட்காரச் சொன்னான். சிங்காரவேல் உட்காரவில்லை. உட்கார வைத்துப் பேசுகிறவனை அவர் நம்பியதே கிடையாது.

"இது அஞ்சு ஸ்டாரு ஐயா. கரண்டே இழுக்காது."

"ஸ்டார ஒட்டுனது யாரு?"

"கவர்மெண்டுதான் ஐயா."

"அதான் கேட்டன்."

வாழ்நாள் முழுக்கப் பீங்கான் பட்டறையில் சூளை அடுக்கியவர் அவர். சூட்டை உள்ளே வைக்கவும் குளிரை உள்ளே வைக்கவும் சுவர் கனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு பெட்டியாக விரலை மடக்கித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். பீரோ மாதிரி நிமிர்ந்து நின்ற ஒன்று அவருக்குப் பிடித்தது. இரும்புக் கதவு. மூடினால் உள்ளே இருக்கிற அசிங்கம் யார் கண்ணுக்கும் தெரியாது.

"இத எடுங்க" என்றார்.

"அதுல எடம் பத்தாது ஐயா. கதவத் தெறந்தா குளிரெல்லாம் கீழ கொட்டிடும். இங்க வாங்க, இதப் பாருங்க" என்று அன்பரசன் ஓரத்துக்கு அழைத்துப் போனான். அங்கே நீளமாக, இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி படுத்திருந்தது. மேலே முழுக்கக் கண்ணாடி மூடி. "படுக்கை வசம். தெறக்காமலே உள்ள என்ன இருக்குதுன்னு பாத்துக்கலாம். தெறந்தாதான ஐயா குளிர் போவும்."

சிங்காரவேல் கண்ணாடியின் மேல் வைத்த கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

போன வருஷம் மாசி மகத்துக்கு மறுநாள் அவர் மனைவி திரௌபதி செத்துப்போனாள். ராஜவேல் மஸ்கட்டிலிருந்து வந்து சேர வேண்டும். மகன் வரும்வரை வைத்திருக்க வேண்டும் என்று பங்காளிகள் வேனில் வாடகைக்கு ஒரு ஃபிரீசர் பாக்ஸைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார்கள். வீட்டில் இருந்த பிளக்கு அதற்குத் தாங்காமல் கருகிப்போனது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வாசல் போர்டிலிருந்து தனி ஒயர் இழுத்து, தனி ஃப்யூஸ் வைத்து, கிழக்குச் சுவரில் பெரிய பவர் பிளக் ஒன்றை மாட்டினார்கள். அதன் பிறகு பெட்டி ஓடியது. உய்ங்கென்று ஓயாமல் ஒரு சத்தம். கண்ணாடிக்கு உள்பக்கம் நீர் கோத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக வழிந்தது. பார்க்கிறவர்களுக்கு அவள் முகம் வியர்க்கிற மாதிரி இருந்தது. சிங்காரவேல் வெளியிலிருந்து துண்டால் துடைத்தார். ஈரம் உள்ளே இருந்தது. ஒரு தடவை திறந்து முகத்தை மட்டும் துடைத்துவிடுகிறேன் என்று பெட்டிக்காரனிடம் கேட்டார்.

"தெறந்தா குளிர் போயிடும் பெரியவரே" என்றான் அவன்.

ராஜவேல் ஊருக்குள் வந்துவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் திறந்து, வாசலில் கிடத்தினார்கள். அவர் அவள் கையைப் பிடித்தார். கட்டை மாதிரி இருந்தது. கட்டியவளின் கை அது இல்லை. ஊர் உலகத்தைப் பற்றி வாயில் வந்ததையெல்லாம் பேசுகிற மனுஷன், இதை மட்டும் யாரிடமும் பேசியதில்லை.

"இது வாணாம்" என்றார்.

"ஏம்பா?" என்றான் ராஜவேல்.

"வாணாம்னா வாணாம்."

"காரணம் சொன்னாத்தான தெரியும்."

"கண்ணாடி ஒடையும்."

"ஒடையாது ஐயா. ஆளே ஏறி நின்னாலும் தாங்கும்" என்றான் அன்பரசன்.

"ஆளு எதுக்குய்யா அதுமேல ஏறி நிக்கிறான்?"

பூர்ணிமா சிரித்துவிட்டாள். மாமனாருக்குக் கண்ணாடிப் பெட்டியே ஆகாது என்று தெரியாமல், விலைக்குத்தான் முரண்டு பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். "விலயும் இதுதான் மாமா கம்மி. கூடத்துல அந்தப் பெரிய பிளக்கு சும்மாதான இருக்குது. இது அங்க சரியா நிக்கும்."

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. அந்தப் பிளக்கு மாட்டுகிறபோது அவள் பின்கட்டில் வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்; எதற்கு மாட்டியது என்று பிறகும் கேட்டுக்கொள்ளவில்லை. ராஜவேல் விமானத்தில் இருந்தான். சொல்ல வேண்டியவர் சிங்காரவேல் ஒருத்தர்தான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றுவிட்டார்.

சாயங்காலமே பெட்டி வந்தது. அதே கூடம், அதே சுவர், அதே பிளக்கு. கடை ஆட்கள் தலைமாடு, கால்மாடு கூட மாறாமல் போட்டார்கள். ஒரு நாள் காலியாக ஓடவிட்டுப் பிறகு சாமான் வையுங்கள் என்று அன்பரசன் சொல்லி அனுப்பியிருந்தான். ஓடவிட்டார்கள். உய்ங்கென்று அது ஆரம்பித்ததும் சிங்காரவேல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பின்கட்டுக்குப் போக வேண்டுமானால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார், வந்தார்.

மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போய், வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். வீட்டில் எல்லோரும் கிளம்பி நின்றார்கள். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மங்களூரில் பூர்ணிமாவின் அம்மா வீட்டுப் பக்கம் கோயில் திருவிழா. முடிந்துதான் வருவார்களாம். அவரையும் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றார். சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டில் அவருக்கு எப்போதுமே சந்தேகம்.

"மாமா, பொட்டியத் தெறந்துடாதீங்க" என்றாள் பூர்ணிமா, செருப்பை மாட்டிக்கொண்டே.

"நான் எதுக்கு அந்தச் சனியனத் தெறக்கறேன்?"

"வரோம்பா."

பஸ் ஏறப் போனவர்கள் தெருமுனை திரும்பியதும் சிங்காரவேல் நேராக வாசல் போர்டுக்குப் போனார். வரிசையில் கடைசி ஃப்யூஸ் அந்தப் பிளக்குக்கு உரியது. வெள்ளைப் பீங்கான் கட்டை. இந்த மாதிரிக் கட்டைகளை லட்சக்கணக்கில் சூளையில் அடுக்கி எடுத்த கை. பிடித்து ஒரே இழுப்பு. கூடத்தில் சத்தம் நின்றது. கட்டையை மடியில் செருகிக்கொண்டார்.

அவர் திட்டம் எளிமையானது. வந்து பார்ப்பார்கள். காலிப் பெட்டி ஓடாமல் கிடக்கும். கடைக்காரனைத் திட்டிக்கொண்டு திருப்பி அனுப்புவார்கள். நான் அப்பவே சொன்னன் என்று இவர் சொல்வார். அந்தப் பீரோ மாதிரிப் பெட்டி வரும், இல்லாவிட்டால் எதுவுமே வராது. இரண்டும் அவருக்குச் சம்மதம்.

அன்றைக்கும் மறுநாளும் நிம்மதியாகத் தூங்கினார். ஓட்டலில் தின்றார், ஓட்டல்காரனைத் திட்டினார். அதற்கு அடுத்த நாள் காலையில் கண் விழிக்கும்போதே ஒரு நாற்றம்.

முதலில் பெருச்சாளி என்று நினைத்தார். கட்டிலை இழுத்துப் போட்டுப் பார்த்தார். சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தார். சாக்கடை எவ்வளவோ தேவலாம் போலிருந்தது. பிறகு அவர் புத்தி வழக்கமான வழியில் போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் எதையோ செத்ததைச் சுவருக்கு இந்தப்பக்கம் போட்டிருக்கிறார்கள்.

"ஏ காசியம்மா, ஒன் வூட்டுக் கோழி எதுனா செத்துக் கெடக்குதா பாரு" என்று சுவருக்கு மேல் குரல் கொடுத்தார்.

"என் வூட்டுக் கோழியெல்லாம் உசுரோடதான் இருக்குது. ஒன் மூக்குக்குள்ளதான் என்னாவோ செத்துக் கெடக்குது" என்றாள் காசியம்மாள். வாய்க்கு வாய் கொடுக்கக்கூடியவள். ஆனாலும் எட்டிப் பார்க்க வந்தாள். வாசற்படியிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐய, வூட்டுக்குள்ளேருந்துதான்யா வருது. அந்தக் கறிய என்னா பண்ணாங்க?"

"எந்தக் கறி?"

"ஒம் மவன் ஊருக்குப் போற அன்னிக்குக் காலையில வண்டியில கொண்டாந்தானே. கம்மாபுரத்துல யாரோ ஆட்டுக்குக் காலு ஒடிஞ்சி அறுத்துட்டாங்கன்னு அரை ஆட்ட வாங்கியாந்தான். நீ டீக்கடையில இருந்த. என்கிட்ட காட்டிட்டுத்தான உள்ள எடுத்துகினு போனான்."

சிங்காரவேல் அப்போதுதான் முதல் தடவையாக அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். கடையில் ஸ்டிக்கரைக் கூட நம்பாத மனுஷன், தன் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு முறை குனிந்து பார்க்கவில்லை. உள்பக்கம் நீர் கோத்து வழிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே பைகள் ஊதிக்கொண்டு கிடந்தன. பெட்டிக்கு அடியிலிருந்து பழுப்பாக ஒரு தண்ணீர் கசிந்து தரையில் ஓடியிருந்தது. ஈ மொய்த்தது.

காசியம்மாள் போய்விட்டாள். அவள் மேல் தப்பில்லை. யாரால் நிற்க முடியும்?

மூடியைத் தள்ளினார். உள்ளே அடைந்து கிடந்தது மொத்தமும் முகத்தில் வந்து அறைந்தது. பின்கட்டுக்கு ஓடிப் போய், காலையில் குடித்த டீயெல்லாம் வெளியே வரும்வரை வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டுத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார். முருங்கை மரத்துக்குப் பின்னால் குழி வெட்டினார். அன்னக்கூடையில் அள்ளி அள்ளிக் கொண்டுபோய்ப் போட்டார். கறி கையில் வழுக்கியது. பச்சை நிறம் கண்டிருந்தது. ஒரு பை பாதி வழியில் கிழிந்து அவர் கால் மேலேயே கொட்டியது. தெரு நாய்கள் வேலிக்கு வெளியே வந்து நின்று ஊளையிட்டன. நாய்க்குப் பிடிக்கிற நாற்றம், மனுஷன் வீட்டுக் கூடத்தில்.

கடைசிக் கூடையைக் கவிழ்த்து மண்ணைத் தள்ளும்போதுதான் அவருக்கு அது தோன்றியது.

இது ஒரு ஆடு. அதிலும் பாதி. ரெண்டு மூணு நாளைக்கு இந்தக் கதி. திரௌபதியும் அதே கூடத்தில், மாசி வெயிலில், மகன் வரும்வரைக் கிடந்தாள். ஒரு ஈ வரவில்லை. ஒருத்தரும் மூக்கில் துணி வைக்கவில்லை. சீக்கிரம் எடுங்கப்பா என்று ஒருத்தன் சொல்லவில்லை. பொம்பளைகள் அந்தக் கண்ணாடியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதார்கள். இதே காசியம்மாள், இப்போது வாசற்படியில் நிற்க முடியாமல் ஓடியவள், அன்றைக்கு விடிய விடியத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர் அப்பா செத்தபோது இந்தப் பெட்டியெல்லாம் ஏது? நெய்வேலியிலிருந்து அண்ணன் வர ஒரு ராத்திரி ஆனதற்கே, ஊதுபத்திப் புகையில் கண் எரிய உட்கார்ந்திருந்து, பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

அந்தப் பாழாய்ப்போன பெட்டி அவளைக் கடைசிவரை மனுஷியாக வைத்திருந்தது. அதைத்தான் இந்த வருஷம் பூரா அவர் மனசுக்குள் வைதுகொண்டிருந்தார். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பார்த்தார். ஆட்டை விட, பெட்டியை விட, அப்போது அவருக்குத் தன் மேல்தான் அதிகம் குமட்டியது.

பெட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்து கரைத்து ஊற்றித் துடைத்தார். நாற்றம் பாதி போயிற்று, பாதி போகவில்லை. மடியிலிருந்த பீங்கான் கட்டையை எடுத்து, இருந்த இடத்தில் செருகினார். உய்ங்கென்றது. இந்தத் தடவை அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிடித்தும் போய்விடவில்லை.

திருவிழா முடிந்து வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"என்னா மாமா, இப்பிடி நாறுது?"

"கறி கெட்டுப்போச்சி. பொதச்சிட்டன். ஃப்யூஸப் புடுங்குனது நான்தான்."

ராஜவேலுக்கு முகம் சிவந்தது. "அரை ஆடுப்பா. எதுக்கு இந்த வேல பண்ண?"

"உள்ள கறி இருக்குதுன்னு தெரியாது. காலின்னு நெனச்சன்."

"கண்ணாடி மூடிதான? பாத்தா தெரியாதா?"

"பாக்கல."

"கூடத்துல நடுவுல கெடக்குது, பாக்கலன்னா?"

சிங்காரவேல் கிழக்குச் சுவரைக் காட்டினார். "அந்தப் பிளக்கு ஒங்கம்மாவுக்குப் போட்டது. இங்கதான் வச்சிருந்தாங்க. இதே மாதிரிக் கண்ணாடி. நீ வர வரைக்கும்."

ராஜவேல் பிளக்கைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். அவன் வந்து நின்றபோது அம்மாவைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசலில் கிடத்தியிருந்தார்கள். அது எங்கே கிடந்தது, எதில் ஓடியது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பூர்ணிமா கையிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அத அன்னிக்கே கடையில சொல்லக் கூடாதாப்பா?" என்றான், குரல் இறங்கி. "நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன். நீ சொன்ன அந்த நிக்கிற பொட்டியே எடுத்துக்கலாம்."

"நாறுனத எவன்டா திருப்பி வாங்குவான்? கெடக்கட்டும். கெடாம வச்சிக்கிது இல்ல, அது போதும். மேல மட்டும் எதையாவது போட்டு மூடுங்க."

பூர்ணிமா உள்ளே போய் பீரோவிலிருந்து திரௌபதியின் பழைய புடவை ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"அத எடுத்து உள்ள வை" என்றார் சிங்காரவேல். "கறிப்பொட்டிக்கு அவ பொடவையா?"

பின்கட்டிலிருந்து ஒரு அரிசிச் சாக்கைக் கொண்டுவந்து, தூசி போக உதறி, கண்ணாடி தெரியாமல் விரித்தார். நாலு மூலையையும் இழுத்துவிட்டார். பிறகு மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னாத்த வேணா வச்சித் தின்னுங்க. பூவ மட்டும் இதுக்குள்ள வைக்காத."

"இல்ல மாமா" என்றாள் பூர்ணிமா.