கூப்பிடும் விளக்கு

மெயினை அணைத்ததும் மாடிப்படி இருண்டது. வெஸ்லி டார்ச்சைச் சுவரிலிருந்த சுவிட்ச் பெட்டிக்குள் காட்டிக்கொண்டு நின்றான். கெண்ட்ரா கம்பிகளைப் பிரித்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கவ்விக்கொண்டு, அவன் பக்கம் திரும்பிக் கையால் ஏதோ சொன்னாள். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சை அவள் கைகளுக்குத் திருப்பினான்.

"பெட்டியில காட்டுன்னு சொன்னேன். என் கையில இல்ல."

"நீ சொல்றது தெரியணும்னா கையிலதானே காட்டணும்?"

அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. ராச்செஸ்டரில் காது கேளாதோர் பள்ளியில் ஒரே வகுப்பில் சண்டை போட்டு வளர்ந்து, பிறகு கல்யாணமும் செய்துகொண்டவர்கள். அவர்கள் வீட்டில் பேச்சு என்றால் கை. கை தெரிய வெளிச்சம் வேண்டும். கூப்பிடுவதும் விளக்கால்தான். சமையலறை வாசலில் ஒரு சுவிட்ச், மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு சுவிட்ச். இரண்டும் மாடிப்படியின் அதே விளக்குகளுக்குத்தான். கெண்ட்ரா கீழேயிருந்து இரண்டு தட்டு தட்டினால் சாப்பாடு தயார். விடாமல் தட்டினால் வெஸ்லி எதையோ மறந்து தொலைத்திருக்கிறான் என்று அர்த்தம். கோபமா கொஞ்சலா என்பது தட்டும் வேகத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும்.

கொஞ்ச காலமாக அவன் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. வெளிச்சம் குறைந்தால் படி தெரியாது. கூடினால் கண் கூசி அப்போதும் தெரியாது. போன மாதம் சறுக்கி விழுந்தான். விழுந்ததைவிட அவனைப் பயமுறுத்தியது வேறு. கண் போனால் கெண்ட்ராவின் பேச்சும் அதோடு போய்விடும். இதை அவளிடம் அவன் சொல்லவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்மார்ட் டிம்மர் இரண்டை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

முதல் முறை பழைய சுவிட்சுகளைப் போலவே இரண்டையும் மாட்டிவிட்டாள். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி விளக்குகளைப் படபடக்க வைத்தன. அவனாக இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்திருப்பான். அவளோ மெயினை மறுபடி அணைத்து, எல்லாவற்றையும் கழற்றி, படியில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தாள். பல்லுக்கு உறை செய்யும் கூடத்தில் வேலை செய்கிறவள்; அவள் விரல்கள் அவசரப்பட்டு அவன் பார்த்ததில்லை.

"ஒண்ணுதான் விளக்கைப் பிடிக்கணும். அது மேல இருக்கிறது. கீழ இருக்கிறது அதுக்குச் சொல்லி அனுப்பும், அவ்வளவுதான்."

"அப்ப நீ கீழ நின்னு சொல்லுவ. நான் மேல நின்னு செய்யணும்."

"இத்தனை வருஷமா இந்த வீட்ல வேற எப்படி நடந்துச்சு?"

இந்த முறை விளக்குகள் சொன்னபடி கேட்டன. வெஸ்லி மனதுக்குள் அவளை மெச்சிக்கொண்டே மாடியறைக்குப் போனான். ஏரி உறைந்ததும் மீன் பிடிக்கப் போக வேண்டும். கதவைத் திறந்து வைத்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து தூண்டில் நரம்புகளின் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

திடீரென்று கெண்ட்ரா வாசலில் நின்றாள். முகம் கடுகடுவென்றிருந்தது.

"எத்தனை தடவை கூப்பிடறது? சீஸ் ரொட்டி செருப்பு மாதிரி ஆயிடுச்சு."

"நீ கூப்பிடலையே."

"விரல் வலிக்கத் தட்டினேன்."

வெஸ்லி வாசலுக்கு வெளியே பார்த்தான். கதவு திறந்துதான் இருந்தது. நேரே எதிரில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் கூப்பிட்டு அவன் பார்க்காமல் இருந்ததே கிடையாது. கண் போகும் நாள் வந்துவிட்டது, இவ்வளவு சீக்கிரமாக.

"எனக்குத் தெரியலை, கெண்ட்ரா." தூண்டில் நரம்பைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேல் சுவிட்சுக்கு எதிரில் நிறுத்தினாள். படபடவென்று தட்டினாள். விளக்கு லேசாக மங்கி, அணைவதற்குள் மறுபடி தெளிந்தது. இன்னும் வேகமாகத் தட்டினாள். அது தூங்குகிறவன் மூச்சு விடுவது போல மெல்ல ஏறி இறங்கியது.

"பாத்தியா? உன் கண்ணு இல்ல. இது ரொம்ப மரியாதை தெரிஞ்ச சுவிட்ச். பைய அணையுது, பைய எரியுது. நான் திட்டினதை எல்லாம் கெஞ்சலா மாத்தி அனுப்பிச்சிருக்கு."

போனை எடுத்து அந்தச் சுவிட்சுகளுக்கான ஆப்பைத் திறந்தாள். எதையெதையோ தடவி, அந்த மெதுவை எல்லாம் அணைத்துப் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். வெஸ்லி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

பளிச். பளிச். பிறகு விடாமல், சரமாரியாக. அத்தனையும் அவளுடைய கோபம், ஒரு துளி குறையவில்லை. அவன் கண் நிறைந்துவிட்டது.

"தெரியுதா?" கீழேயிருந்து கேட்டாள்.

"தெரியுது. ஆனா ஒருநாள் நிஜமாவே கண்ணாத்தான் இருக்கும்." சொல்லிவிட்டான்.

அவள் போனைக் கீழே வைத்துவிட்டு, வெளிச்சம் விழும் இடத்துக்கு நகர்ந்து நின்றாள்.

"இருக்கும். அன்னிக்கு என் கை மேல உன் கையை வெச்சுப் பேச்சைத் தெரிஞ்சுக்கோ. அப்பவும் திட்டுவேன். இப்ப இறங்கி வா."

ஒரு கையை நீட்டிச் சுவிட்சை அழுத்திப் பிடித்தாள். அவன் ஒவ்வொரு படியாக இறங்க, வெளிச்சம் அவனோடு கூடிக்கொண்டே வந்தது. கண் கூசப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால், அவன் சொல்லாமலே, விரலை எடுத்துவிட்டாள்.

ரொட்டி ஆறிப்போனதைப் பற்றித்தான் அவள் மறுபடி ஆரம்பித்தாள். எல்லாம் நன்றாகவே தெரிந்தது. இருந்தும் வெஸ்லி தன் கைகளை அவள் கைகள் மேல் வைத்துக்கொண்டான். அவள் நிறுத்தாமல் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் கைகளும் கூடவே எழுந்து தாழ்ந்தன.